சொல்லாமல் கிளம்பியவர்களின் திசை

போகுமிடத்தைச் சொல்லாமல் கிளம்பியவர்கள் எல்லாரும் கிழக்கே போக ஆரம்பித்த அந்த வருஷம், சிப்பித்துறையில் முதலில் போனது ஹமீது பாயின் டீக்கடைக்குப் பின்னால் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு சிவப்புக் கோழி, கோழிக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து உதைபட்டு வெளியே வந்த பந்து, பந்துக்குப் பின்னால் சைக்கிளை விட்டு இறங்காமலே தபால்காரர், அவருக்குப் பின்னால் ஒயின்ஷாப்பிலிருந்து வீட்டுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு நடந்த பியூஸ் என்கிறவன். கோழியையும் பந்தையும் அலை எடுத்துக்கொண்டது. தபால்காரரை, வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் மறித்துப் பிடித்தார்கள். கழுத்தளவுத் தண்ணீருக்குப் போய்விட்ட பியூஸை வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, எங்கேதான் போனாய் என்று கேட்டபோது, "நான் எங்கயும் போகல மக்கா. காலு போச்சி, நானும் கூடப் போனேன்" என்றான்.

காரணத்தைத் தேடி யாரும் அலையவில்லை, அது ஊருக்கே தெரிந்ததுதான். சலேத்மேரி என்பவள் படகு உரிமையாளர் சங்கத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். கடலுக்குப் போகிற ஒவ்வொரு விசைப்படகுக்கும் அங்கே டோக்கன் அடித்துத்தர வேண்டும். அதற்காக அவளே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தாள், கம்ப்யூட்டருக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல வேண்டிய கட்டளைகளைக் கோத்துவைத்த சின்னக் கோப்பு அது. படகின் பெயர் என்ன, எத்தனை ஆள், எந்தத் திசை என்று கேட்கும். திசையை அடிக்காமல் விட்டால் 'திசை சொல்லவில்லை' என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு, சொல்கிற வரைக்கும் அசையாமல் நிற்கும். கூட்டம் நெருக்கியடித்த ஒரு காலையில் சங்கத்துச் செயலாளர் பெர்க்மான்ஸ் எட்டிப்பார்த்து, "கடல் கெடக்கது கிழக்க. எல்லாவனும் போறது கிழக்க. தெரிஞ்ச சங்கதிய எதுக்கும்மா ஒவ்வொருத்தனுக்கும் அடிச்சிட்டு இருக்க? சொல்லலைன்னா கிழக்குன்னு அதுவே எடுத்துக்கிடட்டும்" என்றார்.

அந்த ஒரு ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே அதை எழுதியிருக்கலாம். ஆனால் ஐஸுக்கு ஒரு ஸ்கிரிப்ட், டீசலுக்கு ஒரு ஸ்கிரிப்ட், ஒலிபெருக்கிக்கு ஒரு ஸ்கிரிப்ட் இருந்ததால், எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சலேத்மேரி அதைச் சூழலில் எழுதினாள். கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போது முதலில் படிக்கிற கோப்பில், திசை என்ற பெயருக்குக் கிழக்கு என்று ஒரு வரி, அதற்கு முன்னால் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல். அந்தச் சொல் இருந்தால் பெயர் எழுதிய இடத்தோடு நிற்காது. அங்கிருந்து பிறக்கிற ஒவ்வொன்றும் பிறக்கும்போதே அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். சூழல் மாறி என்பார்கள். சொன்னால் சொன்னபடி செய்யும், சொல்லாவிட்டால் சுற்றுமுற்றும் பார்த்துச் சூழலில் எழுதியிருப்பதைச் செய்யும். அன்றைக்குக் கூரைமேல் இருந்த ஒலிபெருக்கி ஒவ்வொரு படகுக்கும் "திசை கிழக்கு, திசை கிழக்கு" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி வாசித்தது. சூழல் எங்கே முடிகிறது என்று அவள் எங்கும் எழுதவில்லை.

அதுவரை சிப்பித்துறையில், வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்பதைப்போல் ஒரு கெட்ட காரியம் கிடையாது. கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது என்று திரும்பி வீட்டுக்குள் வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி செருப்பை மாட்டுவார்கள். கேட்டவனை வருஷக்கணக்கில் மன்னிக்காத குடும்பங்கள் உண்டு. அந்த ஊர் இப்போது கேட்கக் கற்றுக்கொண்டது. வாசலில் கேட்டார்கள், கிணற்றடியில் கேட்டார்கள், பஸ்ஸில் ஏறியவரைக் கேட்டார்கள், பஸ்ஸை விட்டு இறங்கியவரையும் கேட்டார்கள், டீக் கிளாஸைக் கீழே வைத்தவனை ஹமீது பாய் விடாமல் கேட்டார், மாதாகோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் பீடத்திலிருந்தபடி கேட்க, எழுந்து நின்ற சபை முழுதும் அவரவர் போகுமிடத்தை ஒரே குரலில் சொல்ல, அது ஒரு புதுப் பிரார்த்தனை மாதிரி கோயில் கூரையில் மோதி இறங்கியது.

சொன்ன இடத்துக்குத்தான் கால் போகும் என்பதால் பொய் சொன்னவர்கள் பட்ட பாடு தனி. கோயிலுக்கு என்று புருஷனிடம் சொல்லிவிட்டு சினிமாவுக்குக் கிளம்பிய ஒருத்தியை அவள் கால் கோயிலிலேயே கொண்டுபோய் முழந்தாளிட வைத்தது. சாவு விழுந்தால் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் ஒவ்வொரு எட்டுக்கும் "மேற்க, கல்லறைக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள். படகுகள் திரும்பும்போது கரைக்கு என்று உரக்கச் சொல்லாமல் டிரைவர்கள் சுக்கானைத் தொடுவதில்லை. முதலில் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்கள். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்கள். அப்புறம் யாரும் காற்று வாங்க வெளியே போவதில்லை, யோசனையாக எழுந்து நடப்பதில்லை, கோபத்தில் சட்டென்று வீட்டை விட்டு இறங்குவதில்லை. ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாதம் வந்து பேச்சுப் போன கயத்தான் என்ற மனிதரை அவர் மனைவி வியாகுலம் எப்படியெல்லாம் காப்பாற்றிவைத்திருந்தாள் என்பதைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கிணற்றடிக்கு, வாசலுக்கு, நாற்காலிக்கு என்று அவருக்காக அவளே உரக்கச் சொல்லிப் பார்த்தாள். கால் அதைக் கேட்கவில்லை. கட்டினவள் சொல் செல்லாது, பெற்றவள் சொல்தான் செல்லும், பிள்ளை எட்டு எடுத்துவைக்கும் முன்னால் சொல்ல வேண்டும், சொன்னது அந்த ஒரு நடைக்குத்தான் என்பதை ஊர் அதற்குள் கண்டுபிடித்திருந்தது. கயத்தானைப் பெற்றவள் கல்லறையில் இருந்தாள். ஆகவே வியாகுலம் அவரைக் கைப்பிடித்தே வைத்திருந்தாள். ஒரு மத்தியானம் குழம்பு பொங்கி அடுப்பில் வழிய, அவள் கையை விட்டாள். குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய ஊன்றுகோல் ஈரமணலில் குத்திட்டு நின்றதை நண்டு பிடிக்கப் போனவர்கள் பார்த்தார்கள். கடல் அவரைத் திருப்பித் தரவில்லை. ஊன்றுகோலை யாரும் பிடுங்கவும் இல்லை. பிடுங்கப் போகிறவர் எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டுமே, அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை.

அதன்பிறகுதான் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஊரே வந்திருந்தது. வியாகுலம் முன்வரிசையில், அழாமல், உள்ளங்கைகளை மடியில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சலேத்மேரி அந்தக் கைகளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நீதானம்மா எழுதின? நீயே அழிச்சிரு" என்றார் பெர்க்மான்ஸ். அதில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை, விளக்கை அணைக்கச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அழிச்சிட்டேன் அண்ணே. கயத்தான் மாமா போன அன்னைக்கே அழிச்சிட்டேன்."

"பெறகு ஏன் நம்ம காலெல்லாம் அங்கயே போவுது?"

"அழிச்சது இனிமே கிளம்பப்போற புரோகிராமுக்குத்தான் அண்ணே. ஏற்கெனவே ஓடிட்டிருக்கது, கிளம்பும்போதே தனக்குன்னு ஒரு காப்பி எடுத்துக்கிடும். வெளியிலேர்ந்து அதைப் பிடுங்க முடியாது."

"நாம எல்லாம் ஓடிக்கிட்டா இருக்கோம்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஆமா."

"அப்பம் நம்மள ஒருக்கா நிறுத்திட்டு, மறுபடி ஓட விட்டா?"

அவள் மறுபடி வியாகுலத்தின் கைகளைப் பார்த்தாள். மனுஷனை நிறுத்துவதென்றால் என்னவென்று கேட்டவருக்கும் புரிந்தது. பெர்க்மான்ஸ் மெதுவாகக் கேட்டார், "சரி, நாம போகட்டும். இனிமே பொறக்கதுக?"

அதற்கும் விடை சீக்கிரமே வந்துவிட்டது. ஹமீது பாய் வீட்டில் அடைவைத்திருந்த முட்டைகள் பொரிந்து, இன்னும் ஈரம் காயாத குஞ்சுகள் கூடையிலிருந்து இறங்கியதும், தாய்க்கோழி இந்தப் பக்கம் கட்டிக்கிடக்க, ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நடந்தன. கம்ப்யூட்டரில் அழித்ததெல்லாம் கம்ப்யூட்டரோடு சரி. இப்போது அது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சலேத்மேரிக்கு அப்போது நடக்காத, பேசாத ஒரு பெண்குழந்தை இருந்தது. பெயர் ஜெனோவா.

மற்ற ஊர்களில் பிள்ளை முதல் எட்டு வைக்கிறதைப் பார்க்கக் காத்திருப்பார்கள். சிப்பித்துறையில் அதை நினைத்துத் தாய்மார் நடுங்கினார்கள். பேச்சு வரும் வரை நடை வரக்கூடாது என்று பிள்ளைகளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்கள், நிற்கப் பார்த்த பிள்ளையை உட்காரவைத்தார்கள், உட்கார்ந்த பிள்ளையை மடியில் போட்டார்கள், நடைவண்டிகளை உடைத்து அடுப்பில் வைத்தார்கள், கொலுசைக் கழற்றினார்கள். நிலா காட்டவில்லை, காக்கா காட்டவில்லை, வாயைத் திறந்தால் வீடு, வாசல், மேற்கு, வடக்கு என்றே சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா என்று சொல்வதற்கு முன்னால் தெற்கு என்று சொன்ன பிள்ளைகள் அந்த ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஜெனோவா மட்டும் எதையும் சொல்லவில்லை. பெரிய கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தாள், சிரித்தாள், மேசைக்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். அவள் எழுந்து நிற்கும்போதெல்லாம் சலேத்மேரி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம பிள்ளை கெட்டிக்காரி. கால் வாரதுக்குள்ள வாய் வந்துரும்" என்றான் அவள் புருஷன் கிரகோரி, கடலுக்குக் கிளம்பும் முன்.

"வராட்டா?"

"நீ சொல்லு அவளுக்காவ. பெத்தவதானே."

"ஒவ்வொரு எட்டுக்குமா? நான் ஆபீஸ்ல இருக்கும்போது? நான் கண்ணசந்தா?"

கிரகோரி குழந்தையின் உச்சியை முகர்ந்துவிட்டு, "கடலுக்கு" என்று சொல்லி இறங்கிப் போனான்.

ஆபீஸ் நேரத்தில் ஜெனோவாவை கிரகோரியின் அண்ணன் மனைவி பிலோமி பார்த்துக்கொண்டாள். நல்ல மனுஷி. பழைய சேலையைக் கிழித்துக் குழந்தையின் இடுப்பில் ஒரு நுனியும் ஜன்னல் கம்பியில் ஒரு நுனியுமாகக் கட்டி, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பாள். அன்றைக்கும் இழுத்துப் பார்த்தாள். ஆனால் துணி பழையது.

ஆபீஸ் மாடியின் ஜன்னல் கடற்கரையைப் பார்த்தபடி இருக்கும். உச்சிவெயில். படகுகளெல்லாம் போயிருந்தன, கரையில் ஒரு நாய்கூட இல்லை. டோக்கன் பேப்பரை மாற்றிவிட்டு நிமிர்ந்த சலேத்மேரி, வெள்ளை மணலில் ஒரு சின்ன மஞ்சள் கவுன் போவதைப் பார்த்தாள். பின்னால் ஒரு கிழிந்த துணி வால் மாதிரி இழுபட்டுக்கொண்டு போனது. விழாமல், தடுமாறாமல், என்றோ நடந்து பழகிய காலைப்போல அந்தக் கால் கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. அதுதான் ஜெனோவாவின் முதல் நடை.

படியிறங்கியது சலேத்மேரிக்குத் தெரியாது. ரோட்டைக் கடந்தது தெரியாது. மணல் காலைச் சுட்டது தெரியாது. மகளை நோக்கி ஓடுகிறோம் என்றுதான் நினைத்தாள். குழந்தையை எட்டிப்பிடிக்கக் குனிந்து கையை நீட்டியபோது, கால் நிற்கவில்லை. விரல் நுனியில் மஞ்சள் துணி உரசியது, நழுவியது, அவள் மகளைத் தாண்டித் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான், முழங்காலில் முதல் அலை அடித்தபோதுதான், எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

சொல்ல வாயைத் திறந்தாள். உப்புத் தண்ணீர் உள்ளே போனது. இருமினாள், மறுபடி திறந்தாள், மறுபடி தண்ணீர். கால் தன்பாட்டுக்கு ஆழத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது, தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, முகத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் ஜெனோவா, தாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அலை நுரைக்குள் கால் வைத்துவிட்டாள். இப்போது என்னிடம் வா என்று கூப்பிட்டால் பிள்ளை இன்னும் ஆழத்துக்கு வரும். கூப்பிடாவிட்டாலும் வரும். கயத்தான் மாமாவும் இப்படித்தான் திரும்பிப் பார்த்திருப்பாரோ, அவருக்கும் வாய் நிறையத் தண்ணீரும் வாய் நிறையச் சொல்லும் இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு மின்னலாய் வந்து போனது. அவள் தன் தாடையைக் கையால் பிடித்து உயர்த்தி, அலைக்கும் அலைக்கும் நடுவே கிடைத்த ஒரு மூச்சில் கத்தினாள்.

"எம்பிள்ளகிட்ட!"

கால் திரும்பியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து குழந்தையை வாரி எடுத்தாள், எடுத்த அதே நேரம் ஒரு பெரிய அலை இருவரையும் சேர்த்து அடித்துச் சுருட்டி மணலில் எறிந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் கரைப்பக்கம் மல்லாந்து கிடந்தாள், கை காலியாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, வடிந்துபோகிற தண்ணீரில் ஜெனோவா இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நின்று, கடலைப் பார்த்துத் திரும்பி, காலைத் தூக்கப்போனாள். ஒரு நடை முடிந்து அடுத்த நடை இன்னும் தொடங்காத நொடி அது.

"என்கிட்ட வா!" என்று சலேத்மேரி அலறினாள். "என்கிட்டதான் வரணும்! எப்பவும் என்கிட்டதான்! எங்கயும் போவக்கூடாது நீ, எப்பவும், எப்பவும் என்கிட்டதான்!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பியது. நனைந்த கவுனோடு குழந்தை நடந்து வந்து அவள் மார்பில் முட்டிக்கொண்டு நின்றது.

எப்பவும் என்ற அந்தச் சொல் என்ன செய்தது என்பது வீட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. துணியை அவிழ்த்துவிட்டாலும் ஜெனோவா கிழக்கே போகவில்லை. எங்கே இறக்கிவிட்டாலும், எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும், தாய் இருக்கிற இடத்துக்கு வந்தாள். பிலோமி அழுதுகொண்டே சிலுவை போட்டாள். சேதி தெருத்தெருவாகப் போனது. ஒரு நடைக்குச் சொல்லாமல் எல்லா நடைக்குமாகச் சொல்லிவிட்டால் போதும் என்று தெரிந்ததும் சிப்பித்துறையின் தாய்மார் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, எப்பவும் என்கிட்டதான் என்று சொன்னார்கள். தவழும் பிள்ளைக்குச் சொன்னார்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சொன்னார்கள், மீசை முளைத்த மகனைப் பிடித்து உட்காரவைத்தும் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச காலம் ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

அதன்பிறகு வகுப்பில் ஜன்னலைப் பார்த்து யோசித்த பிள்ளைகள் எழுந்து அம்மாவிடம் போனார்கள். மீன் ஏலத்தில் நின்ற பெண்களின் காலைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். கல்யாணமான மகன் பேச்சுக்கு நடுவில் எழுந்து தாய்வீட்டுக்கு நடந்தான், மருமகள்கள் அழுதார்கள். அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. பிள்ளை கடலுக்குப் போவதற்கு இது மேல் என்றார்கள். ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்த ரெஜினா மஞ்சள் காமாலையில் சாகிற வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரெஜினாவின் இரண்டு பெண்பிள்ளைகளும் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவ எழுந்தார்கள், கல்லறைக்குப் போனார்கள். கூட்டிவந்தால் மறுபடி போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்று வாயால் சொன்னால் பள்ளிக்கூடம் போனார்கள், ஆனால் எதையாவது நினைத்துக்கொண்டு எழுந்தால், சொல்ல மறந்தால், விளையாட்டில் ஓடினால், கால் அங்கேதான் போனது. அழவில்லை. ஈரமண்ணின் பக்கத்தில் நின்று அடுத்து என்ன என்பதுபோல் காத்திருந்தார்கள். மாற்றிச் சொல்லத் தாய்க்கு இனி வாய் இல்லை. சலேத்மேரி போய்ப் பார்த்தாள். சின்னவள் மண்ணைக் காலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள், கதவைத் தட்டுகிற மாதிரி.

சலேத்மேரி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெனோவா வந்து மடியில் ஏறினாள். தாய் எழுந்து உள்ளே போனாள், ஜெனோவா பின்னால் வந்தாள். ஒருநாள் நான் கிடக்கிற இடத்துக்கும் இப்படித்தான் வருவாள் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. கிரகோரி கரைக்கு வந்தபோது அவனிடம் சொன்னாள்.

"எடுத்துரப்போறேன். நான் வெச்சதை நானே எடுத்துரப்போறேன்."

"எடுத்துட்டா? அடியில பழைய கிழக்கு அப்படியே கெடந்துச்சின்னா?"

"கெடக்கலாம்."

"வேண்டாம் சலேத்து."

"ரெஜினா பிள்ளையளப் பாத்தியளா நீங்க?"

அவன் பார்த்திருந்தான். எழுந்து, "பெர்க்மான்ஸ் அண்ணன் வீட்டுக்கு" என்று சொல்லி, ஆள் திரட்டப் போனான்.

எல்லாத் தெருவும் வந்து சேருகிற கோயில் முற்றத்தில் காலைவெயிலில் ஜெனோவாவை இறக்கிவிட்டார்கள். கடல்பக்கம் முழுதும் ஊர் நின்றது. பெண்கள் முந்தானையை முந்தானையோடு முடிந்து வேலிபோல் நின்றார்கள், ஹமீது பாய் கைகளை அகல விரித்து நின்றார், வியாகுலம் எல்லாருக்கும் முன்னால் நின்றாள், கால் நழுவிவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் "இங்கயே நிக்கேன், இங்கயே நிக்கேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்க, அது தேன்கூட்டின் இரைச்சல்போல் முற்றத்தை நிறைத்தது. சலேத்மேரி குனிந்து மகளின் தோளைப் பிடித்தாள்.

"ஜெனோவா, கேளு. என்கிட்ட வராண்டாம். கிழக்கயும் போவாண்டாம். உனக்குன்னு அம்மா ஒண்ணும் வெக்கல. ஒண்ணுமே வெக்கல."

கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

குழந்தை நின்றது. தாயிடம் வரவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பவும் இல்லை. கண் திறந்திருக்க, கை இரண்டும் தொங்க, மூச்சுவிடுகிற ஒரு பொம்மை மாதிரி நின்றது. நிழல் சுருங்கியது. யாரோ விம்மினார்கள். கிழக்கைத் துடைத்து, தன்னையும் துடைத்து, பிள்ளையை ஒரு கல்லாக்கிவிட்டோமோ என்று சலேத்மேரிக்குத் தோன்றியது. கூப்பிட்டுவிட வாயைத் திறந்தாள். கிரகோரி அவள் மணிக்கட்டை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தான்.

அப்போது ஜெனோவா வலது கையைத் தூக்கினாள். ஒரு விரலை நீட்டினாள். அதுவரை ஒரு சொல்லும் சொல்லாத வாய் திறந்தது.

"அங்க."

விரல் காட்டியது கடல் இல்லை. தாய் இல்லை, வீடும் இல்லை. ஐஸ் ஃபாக்டரியின் சுவரை ஒட்டி மேற்கே வளைந்து போகும் ஒரு சந்து. அங்கே என்ன இருக்கிறது என்று கூட்டத்தில் பாதிப்பேர் பாதிப்பேரைப் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை நடந்தது. இந்தத் தடவை கால் தடுமாறியது, ஒருமுறை விழுந்தது, மண்ணைத் தட்டாமல் எழுந்தது.

"எங்கம்மா போவுது பிள்ளை?" என்றார் ஹமீது பாய்.

"தெரியல பாய்" என்றாள் சலேத்மேரி. அவள் பின்னால் போக வேண்டும். போகும் முன் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று ஒரு கணம் விழித்தாள். பிறகு, "அவ போற எடத்துக்கு" என்றாள். அப்படி ஓர் இடம் செல்லுமா என்று பயந்துகொண்டே காலைத் தூக்கினாள். கால் ஏற்றுக்கொண்டது.

அந்தச் சின்னக் கால் திரும்பிய பக்கமெல்லாம் அவள் காலும் திரும்பியது. சந்தின் முனையில் ஜெனோவா, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்காமலே, சுவரின் நிழலுக்குள் வளைந்து மறைந்தாள். கடலைப் பார்த்து ஓடிய அன்றைக்குக்கூட இல்லாத ஒரு பயம் அப்போது சலேத்மேரிக்கு வந்தது. அவள் மகளைக் கூப்பிடவில்லை. நடையை எட்டிப் போட்டாள்.